பழுது எந்தப் பக்கம்?

என் மேசையில் இரண்டு திரைகள் இருக்கின்றன. இடப்பக்கம் பழைய சதுரத் திரை, 1280க்கு 1024. வலப்பக்கம் அகலத் திரை, 1920க்கு 1080. கணினி ஒன்றுதான், அதற்குள் விண்டோஸும் லினக்ஸ் மின்டும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன. சென்ற ஆண்டு சில வாரங்களாக வலப்பக்கத் திரை திடீரென்று கறுத்துப்போய், இரண்டு விநாடியில் தானாகவே திரும்பி வந்தது. பழைய திரைக்கு ஒன்றும் ஆகவில்லை; புதியதுதான் கண் மூடித் திறந்தது. முதலில் திரை போகப்போகிறது என்று நினைத்தேன். பிறகு கிராபிக்ஸ் கார்ட்டைச் சந்தேகித்தேன். பிறகு லினக்ஸைக் குறை சொன்னேன், அப்போதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். மூன்றும் பிழை. சரியான விடைக்கு வந்து சேர ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் ஒரு மாதப் பொறுமையும் தேவைப்பட்டன. அந்த மாதத்தில் படித்ததையும், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் திறந்து பார்த்த கணினிகளில் கண்டதையும் சேர்த்து, இந்தக் கேள்வியை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று பட்டது.

இந்தக் கேள்வி இப்போது எங்கள் ஊர்களில் பெருகுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் கணினி என்றால் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்பதோடு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் எதிர்பார்க்கிறது. இங்கே வீடுகளிலும் ரியூசன் கொட்டில்களிலும் கலியாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்களிலும் ஓடும் கணினிகளில் ஏராளமானவை வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து விற்கப்பட்ட மூன்றாம், நான்காம் தலைமுறைப் பெட்டிகள். பெட்டி இன்னும் திடமாக இருக்கிறது; தூக்கி எறிய மனம் வராது. ஆகவே பழைய விண்டோஸை அல்பம் செய்யவும் பழைய மென்பொருள்களுக்கும் வைத்துக்கொண்டு, இணையத்துக்கும் படிப்புக்கும் லினக்ஸைப் பக்கத்தில் ஏற்றுகிறார்கள். பாவித்த திரைகளும் மலிவு. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி மாட்டுகிறார்கள். அங்கிருந்துதான் படம் நடுங்குவதும் கோடு விழுவதும் தொடங்குகின்றன.

இரட்டைத் திரையும் இரட்டை இயங்குதளமும் பழுதை இரட்டிப்பாக்கும் என்பது பரவலான நம்பிக்கை. நான் நேர்மாறாக நினைக்கிறேன். ஒரே திரையும் ஒரே இயங்குதளமும் உள்ள கணினியில் படம் குழம்பினால், குழப்பம் திரையிலா கேபிளிலா கார்ட்டிலா டிரைவரிலா என்று பிரித்தறிய ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. இரண்டும் இரண்டும் உள்ளவரிடம் நான்கு சேர்க்கைகள் இருக்கின்றன. வலது திரையில் விண்டோஸ், வலது திரையில் லினக்ஸ், இடது திரையில் விண்டோஸ், இடது திரையில் லினக்ஸ். பழுது இந்த நான்கில் எவற்றில் தெரிகிறது, எவற்றில் தெரியவில்லை என்று எழுதிவைத்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு திரைகளும் இரண்டு சாட்சிகள். இரண்டு இயங்குதளங்கள் இன்னும் இரண்டு. சாட்சிகளும் சில வேளை தவறாகச் சொல்வார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

சாட்சியை விசாரிப்பதற்கு முதல், கேள்வி துல்லியமாக இருக்க வேண்டும். "கொம்பியூட்டர் பழுது, வந்து பாருங்கோ" என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் கேட்பது, படம் என்ன செய்கிறது என்பதை மட்டும். எங்கள் பேச்சுத் தமிழில் இதற்கு நல்ல சொற்கள் உண்டு. படம் நடுங்குது என்றால் ஒன்று, மின்னுது என்றால் வேறு. கோடு விழுது, படம் கிழியுது, மங்குது, புள்ளி புள்ளியாப் பொரியுது, கறுத்துப்போகுது, ஓரம் வெட்டுப்படுது: இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைக் காட்டும் சொற்கள். 1820இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் இதே பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அடுத்த தலைமுறையில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்குவித்தார். நோயாளி தன் வலியைச் சொல்லும் மொழியிலேயே மருத்துவமும் இருக்க வேண்டும் என்பதன் அருமை இந்தப் பக்கத்துக்குப் பழக்கமானது. கணினிப் பழுதுக்கும் அது பொருந்தும். கிழியுது என்று ஒருவர் சொன்னால், ஓடும் படத்தின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் கிடையாக வெட்டி விலகி நிற்கின்றன என்று பொருள். அதற்குத் திரையைக் கழற்றத் தேவையில்லை. பொரியுது என்றால் முதலில் கேபிளைப் பார்க்கலாம்.

சோதனைகளில் மூன்று எனக்குப் பிடித்தவை, மூன்றுக்கும் காசு செலவில்லை.

முதலாவது, எந்த இயங்குதளமும் எழும்புவதற்கு முன்பே பார்ப்பது. கணினியைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி பயோஸ் பக்கத்துக்குள் போக வேண்டும். அங்கே விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை, அவற்றின் டிரைவர்களும் இல்லை. சதுரம் சதுரமாக நிறக்கட்டங்களோ புள்ளிகளோ அங்கேயே தெரிந்தால் மென்பொருளை மாற்றி மாற்றி ஏற்றுவதில் பயனில்லை. கார்ட், கேபிள், திரை மூன்றில் ஒன்றில் குறை.

இரண்டாவது, திரையின் சொந்தப் பட்டியைத் திறப்பது. திரையின் ஓரத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் வெளிச்சம், நிறம் என்று வரும் அந்தப் பட்டியைக் கணினி வரைவதில்லை, திரைதான் தானே வரைகிறது. நெடுங்கோடு அந்தப் பட்டியின் மேலும் விழுந்தால் பழுது திரைக்குள்ளே. அப்படிப்பட்ட நெடுங்கோடு பெரும்பாலும் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு விட்டுப்போனதால் வருவது; எங்கள் கடைகளில் அதைத் திருத்துவது நடக்காத காரியம்.

மூன்றாவது சோதனையைத்தான் பலர் அறிவதில்லை. குழப்பம் தெரியும் வேளையில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதைக் கைபேசிக்கு அனுப்பிப் பார்ப்பது. ஸ்கிரீன்ஷொட்டிலும் குழப்பம் இருந்தால் படம் வரையப்படும்போதே கெட்டிருக்கிறது: டிரைவர், மென்பொருள், அல்லது கார்ட்டின் நினைவகம். ஸ்கிரீன்ஷொட் சுத்தமாக இருந்து, திரையைக் கைபேசியால் படமெடுத்தால் மட்டும் குழப்பம் தெரிகிறதென்றால், படம் நன்றாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. வரும் வழியில் கெட்டிருக்கிறது. வழி என்பது கேபிள், மாற்றி, திரை.

வழியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. நான் பார்த்த பழுதுகளில் கூடுதலானவை அங்கேதான் இருந்தன. இங்கே கிடைக்கும் பாவித்த அலுவலகப் பெட்டிகளில், உதாரணமாக டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020இல், இரண்டு டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு விஜிஏயும் இருக்கும், எச்டிஎம்ஐ இராது. எங்களிடம் கிடைக்கும் திரைகளிலோ விஜிஏயும் எச்டிஎம்ஐயும் இருக்கும், டிஸ்ப்ளேபோர்ட் இராது. ஆகவே நடுவில் ஒரு மாற்றி கட்டாயம். விஜிஏ 1987இல் வந்தது, ஒப்புமைச் சமிக்ஞை. டிஸ்ப்ளேபோர்ட் 2006இல் வந்தது, முழுக்க இலக்கமுறை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக உள்ளே ஒரு சில்லு மொழிபெயர்க்க வேண்டும். மலிவு மாற்றியில் அந்தச் சில்லு சூடேறி அரை மணி நேரத்தில் தடுமாறும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. தலைகீழாக மாட்டினால் படம் வராது, கேபிள் பழுதும் இல்லை. 1920க்கு 1080 படம் விநாடிக்கு 60 தடவை போவதற்கு எச்டிஎம்ஐ கேபிள் விநாடிக்கு ஏறத்தாழ 445 கோடி பிட்டுகளைச் சுமக்கிறது. அவ்வளவு வேகத்தில் நுனி சற்றுத் தளர்ந்தாலும் படம் பொரியும்.

மாதகல் பக்கத்துக் கடற்காற்று உப்பை அள்ளி வரும். வலிகாமத்துச் செம்மண் புழுதி வீட்டுக்குள் எங்கும் படியும். இரண்டும் சேர்ந்து பொருத்துமுனைகளில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. கணினியை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி, முனைகளை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டு மறுபடி மாட்டுவது பல வீடுகளில் முழுச் சிகிச்சையாகவே முடிந்திருக்கிறது.

சாட்சிகள் தவறாகச் சொன்ன கதை இங்கேதான் வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூப்பிட்டிருந்தார். "தம்பி, விண்டோஸில எல்லாம் வடிவா இருக்கு. மற்றதுக்குள்ள போனா இந்தப் பக்கத்துத் திரையில எழுத்தெல்லாம் பெருத்து வீங்கிப்போய் நிக்குது" என்றார். பயோஸைப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. விண்டோஸில் இல்லை, லினக்ஸில் இருக்கிறது. அப்படியானால் லினக்ஸ் டிரைவர்தான் என்று முடிவுகட்டி இரண்டு மணி நேரம் வீணாக்கினேன். லினக்ஸ் அந்தத் திரைக்கு 1024க்கு 768க்கு மேல் எதையும் தர மறுத்தது.

"ரீச்சர், இந்த வயரை ஒருக்காக் கழற்றட்டோ?" என்று கேட்டு விஜிஏ கேபிளைக் கழற்றி, நுனியை ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் பதினைந்து ஊசிகளுக்கு இடம். கீழ் வரிசையில் இரண்டாவது ஊசி மடிந்து படுத்திருந்தது. அது பன்னிரண்டாம் ஊசி. நிறத்தைக் கொண்டுபோவது முதல் மூன்று ஊசிகள். பன்னிரண்டும் பதினைந்தும் படத்தைச் சுமப்பதில்லை. அவற்றின் வழியாகத்தான் திரை தன்னைக் கணினிக்கு அறிமுகம் செய்கிறது: என் அளவு இது, என்னால் இந்த வேகத்தில் காட்ட முடியும் என்று 128 பைட்டில் எழுதிய ஒரு சிறு அட்டை, இடிஐடி என்று பெயர். அந்த அட்டை போய்ச் சேரவில்லை. திரையை அறியாத லினக்ஸ் ஆபத்தில்லாத சிறிய அளவோடு நின்றுகொண்டது. விண்டோஸில் முன்பு யாரோ அளவைக் கையால் தெரிவுசெய்து வைத்துவிட்டிருந்தார்கள். அதனால் அங்கே பழுது மறைந்திருந்தது. அந்தக் கணினியின் பயோஸ் சிறிய அளவிலேயே வரைவதால் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. குண்டூசி முனையால் ஊசியை மெல்ல நிமிர்த்தி மாட்டினேன். அதன் பிறகு லினக்ஸிலும் எழுத்துகள் தம் அளவுக்கு வந்தன.

அன்றிலிருந்து ஒரு இயங்குதளத்தில் மட்டும் தெரியும் பழுதை உடனே மென்பொருளின் தலையில் கட்டுவதில்லை. இரண்டு திரைகளின் கேபிள்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்கிறேன். பழுது கேபிளோடு இடம்பெயர்ந்தால் கேபிள், திரையோடு தங்கினால் திரை, கணினியின் பொருத்துவாயோடு தங்கினால் கார்ட் அல்லது டிரைவர். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கேபிளையும் மாற்றி டிரைவரையும் ஏற்றிப் படம் சரியாகிவிட்டால், சரியாக்கியது எது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

மெய்யாகவே மென்பொருள் பழுதுகளும் உண்டு. லினக்ஸில் அதிகம் தொல்லைப்படுவது பழைய என்விடியா கார்ட்டுகள். ஜிடி 710 இங்கே நிறையக் கிடக்கிறது. அதன் கெப்ளர் தலைமுறைக்கு நிறுவனம் தந்த கடைசி டிரைவர் வரிசை 470. லினக்ஸின் கருவகம் (கேர்னல்) புதுப்பிக்கப்பட்டு முன்னால் போகப்போக, அந்தப் பழைய டிரைவர் அதனோடு பொருந்தாமல் ஒருநாள் கறுப்புத் திரையில் கொண்டுபோய் விடும். அப்போது பயப்படாமல், எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் பட்டியில் முந்திய கருவகத்தைத் தெரிவுசெய்து உள்ளே போகலாம். அதுவும் இல்லையென்றால், கிரப்பில் ஈ விசையை அழுத்தி லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்தலாம். அது மருந்து அல்ல. உள்ளே போகப் பின்கதவு. அந்த நிலையில் இரண்டாவது திரை பெரும்பாலும் வேலை செய்யாது. அதைக் கண்டு கார்ட் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். உள்ளே போனதும் கார்ட்டுக்குப் பொருந்தும் டிரைவரையோ, சமூகம் எழுதிய நூவோ டிரைவரையோ அமைத்துக்கொண்டு அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும். இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸும் ஏஎம்டியின் ஓரளவு புதிய கார்ட்டுகளும் கருவகத்துக்குள்ளேயே டிரைவர் உள்ளவை. ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் வைத்திருக்கப் போகிறவர் அவற்றையே தேடி எடுப்பது நல்லது என்பது என் திடமான கருத்து.

படம் கிழிவதற்குக் காரணம் வேறு. 1987இல் பிறந்த எக்ஸ் 11 சாளர முறை இரண்டு திரைகளையும் ஒரே பெரிய துணியாகக் கருதுகிறது. ஒரு திரை விநாடிக்கு 60, மற்றது 75 என்று ஓடினால் இரண்டுக்கும் ஒருசேரத் தாளம் போட அதற்குக் கடினம். 2008இல் தொடங்கிய வேலண்ட் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே தாளம் வைக்கும். இரண்டு திரைகளையும் 60இல் நிறுத்திவைப்பது பழைய முறையிலும் கிழிசலைக் கணிசமாகக் குறைக்கும்.

விண்டோஸில் வழிகள் இலகுவானவை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் திரும்பத் தொடங்கும். திறந்த வேலை அழியாது. தொலைக்காட்சியை இரண்டாவது திரையாக மாட்டியவர்களுக்கு ஓரம் வெட்டுப்படுவதும் கறுப்பு சாம்பலாக வெளிறுவதும் பழுதே அல்ல. தொலைக்காட்சியின் பட அமைப்புகளில் தீரும்.

இரட்டை இயங்குதளக் கணினிக்கு மட்டுமே உரிய ஒரு வகைப் பழுதும் இருக்கிறது. நேராக லினக்ஸுக்குள் போனால் எல்லாம் சரி. விண்டோஸில் இருந்துவிட்டு லினக்ஸுக்குப் போனால் ஒரு திரை எழும்பாது. பழுது இரண்டு இயங்குதளத்திலும் இல்லை, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வரிசையில் இருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த விரைவுத் தொடக்கம் என்ற ஏற்பாட்டில், ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக உறங்குவதில்லை; உள்நிலையை வட்டில் எழுதிவைத்து அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. அதோடு, மின்சாரம் அறாமல் ரீஸ்டார்ட் ஆகும்போது கார்ட் முந்தியவர் விட்டுப்போன நிலையிலேயே அடுத்தவர் கைக்கு வரலாம். விரைவுத் தொடக்கத்தைப் பவர் அமைப்புகளில் நிறுத்திவிட்டு, சந்தேகம் வந்தால் கணினியை முழுதாக நிற்பாட்டி, கணினியினதும் திரைகளினதும் பிளக்குகளைச் சுவரிலிருந்து கழற்றி, அரை நிமிடம் விட்டுப் போட வேண்டும். இது முட்டாள்தனமான வைத்தியம் போலத் தெரியும். பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இதே வரிசைச் சிக்கலின் இன்னொரு முகம் மணிக்கூடு. விண்டோஸ் வன்பொருள் மணிக்கூட்டை ஊர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் மாறிமாறிப் போகும்போது ஐந்தரை மணி நேரம் பிசகும். 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை அரசாங்கம் நேரத்தை முன்னுக்குத் தள்ளிவைத்திருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு இரண்டு நேரங்களோடு வாழ்வது புதிதல்ல. லினக்ஸை ஊர் நேரத்துக்குப் பழக்க ஒரே கட்டளை போதும்.

தமிழ் எழுத்துக் குழப்பத்தையும் திரைப் பழுது என்று சொல்லி அழைக்கிறார்கள். விண்டோஸில் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத இடத்தில் கீழே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். அதை யுனிகோடுக்கு மாற்றிச் சேமித்தால் இரண்டு பக்கமும் ஒரே எழுத்துத்தான்.

மின்சாரத்துக்கு வருகிறேன். இங்கே நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன், உயிர் சம்பந்தப்பட்டது. நம் வீடுகளில் பலவற்றில் எர்த் வெறும் பெயருக்குத்தான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். கோடையில் மேல் மண் காய்ந்தால் புதைத்த கம்பிக்கும் நிலத்துக்கும் பிடிப்புக் குறைகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று கால் பிளக்கை இரண்டு கால் அடப்டரில் சொருகுகிறவர்களும் இருக்கிறார்கள். எர்த் இல்லாத கணினியின் பெட்டி, மின்வழங்கியின் வடிகட்டி வழியாக 230இல் ஏறத்தாழ பாதி வோல்ரேஜில் மிதக்கும். அப்படிக் கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் தொட்டால் சிலிர்க்கும், டெஸ்டர் எரியும். அந்த நிலையில் கேபிள் இணைப்போ அன்ரெனாவோ மாட்டிய தொலைக்காட்சிக்குக் கணினியிலிருந்து எச்டிஎம்ஐயைச் சொருகினால், இரண்டு உலோகங்களின் மின்னழுத்த வித்தியாசம் அந்த நுனி வழியாகத்தான் சமப்படும். கார்ட்டின் ஒரு வாய் மட்டும் செத்துப்போவதற்கு இது முக்கியமான காரணம். எர்த்தை ஒரு மின் வேலைக்காரரைக் கொண்டு அளந்து திருத்துங்கள். ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்து வயர் இழுக்காதீர்கள். இடி முழங்கும் மாதங்களில் பிளக்கோடு இணைய வயரையும் அன்ரெனா வயரையும் கழற்றிவையுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்ட காலத்தில் மலிவு இன்வேர்ட்டர்கள் பல வீடுகளுக்குள் வந்தன. சதுர அலை தரும் இன்வேர்ட்டரில் ஓடும்போது மட்டும் விஜிஏ படத்தில் அலை ஓடினால் அதைத் திரையின் குறை என்று எண்ண வேண்டாம். திரை போட்டுக் கொஞ்ச நேரம் மின்னி, சூடானதும் நின்றால், திரையின் மின்வழங்கிக்குள் கொள்ளளவி ஒன்று தலை வீங்கியிருக்கலாம். அது சிறு செலவில் மாற்றக்கூடியது, கடைக்காரர் திரையையே மாற்றச் சொன்னாலும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கெட்டுப்போன கிராபிக்ஸ் கார்ட்டைக் குசினி அவனில் வைத்துச் சுடும் யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது சில நாள் உயிர் கொடுத்துவிட்டுத் திரும்பச் சாகும். பிளாஸ்ரிக் புகையும் இடத்தில் பிறகு சாப்பாடு சமைப்பார்கள். செய்யவே வேண்டாம்.

என் வலப்பக்கத் திரைக்கு வருகிறேன். நோட்டில் ஒவ்வொரு கறுப்புக்கும் நேரத்தையும் இயங்குதளத்தையும் குறித்தேன். பதினொரு பதிவுகளில் ஏழு லினக்ஸ், நான்கு விண்டோஸ். அப்போதே இயங்குதளம் விடுபட்டது. அதே திரையை விஜிஏ கேபிளில் ஒரு வாரம் ஓட்டினேன், ஒருமுறையும் கறுக்கவில்லை, திரையும் விடுபட்டது. பழைய இணைப்புக்கே திரும்பி, மாற்றியைப் புதிதாக வாங்கிப் போட்டேன், மறுபடி கறுத்தது. அதற்குப் பிறகுதான் நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது, மாலை ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குக் கிணற்று மோட்டர் போடும் நேரம். மோட்டர் எழும்பும் கணத்தில் வயரில் ஒரு அதிர்வு போகிறது. ஒப்புமை விஜிஏ அதை ஒரு சிறு நடுக்கத்தோடு தாங்கிவிடும். இலக்கமுறை இணைப்பு பிடி விட்டால், திரையும் கார்ட்டும் முதலிலிருந்து கைகோர்க்க வேண்டும். அந்த இரண்டு விநாடிதான் கறுப்பு. வாயு அடித்த சுழல் கதிரையிலிருந்து எழும்பும்போது திரை கறுப்பதும் இதே இனம்.

மூன்று மீற்றர்க் கேபிளை எடுத்துவிட்டு, நுனியில் பெரைட் குண்டு உள்ள ஒரு மீற்றர்க் கேபிளைப் போட்டேன். மோட்டரோடு ஒரே வரியில் இருந்த பிளக்கை, எர்த் அளந்த வேறு சுவர் வாய்க்கு மாற்றினேன், ஒன்றை மாற்றி ஒரு வாரம் பார்த்துத்தான் மற்றதை. கேபிள் மாற்றிய வாரத்தில் வாரத்துக்கு ஐந்து என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. பிளக் மாற்றிய வாரத்தில் ஒன்று. அந்த ஒன்று காலை 5.50க்கு நடந்தது, எங்கள் மோட்டர் ஓடாத நேரம். மதிலுக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இறைக்கத் தொடங்கியிருந்தார்கள். நோட்டில் அதையும் எழுதிவைத்திருக்கிறேன். நாளைக்குப் போய், அண்ணை, மோட்டர் எத்தனை மணிக்குப் போடுறனீங்கள் என்று கேட்க வேண்டும்.